அழித்த பலகையில் ஒரு திருட்டு

அத்தியாயம் 4

இலோனா டெமெட்டருக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் அது செய்தியே இல்லை. டொலிடோ போலீஸில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு, கடைசி நாளில் மேலதிகாரியின் காபியை மேலதிகாரியின் தலையிலேயே ஊற்றிவிட்டு வெளியே வந்தவள். ஐம்பத்தெட்டு வயதில் தனியாகத் துப்பறியும் தொழில் நடத்துகிறாள். கோபம்தான் அவளுடைய காலை உணவு என்று உதவியாளன் டெல்ராய் சொல்வான். ஆனால் இந்த ஜனவரிப் புதன்கிழமை, ஹெரன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் முதலாளியம்மா அறையில் உட்கார்ந்திருந்தபோது வந்த கோபம் வேறு ரகம். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாத கோபம். அது அவளை இன்னும் கடுப்பேற்றியது.

ஹெரன் என்றால் நாரை. பெயருக்கேற்ற மாதிரி டொலிடோ ஹெரன்ஸ் இந்த சீசன் முழுக்க ஒற்றைக்காலில் நின்றே தோற்றிருந்தார்கள். பதினேழு ஆட்டத்தில் பதிமூன்று தோல்வி. சீசன் முடிந்த மறுநாளே தாக்குதல் பயிற்சியாளரைத் துரத்திவிட்டு, புது ஆள் தேட ஆரம்பித்தார்கள். பந்து நம் கையில் இருக்கும்போது யார் எங்கே ஓடுவது, யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கிறவர் அவர்தான். அந்தப் பதவியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எல்லோரும் ஓ.சி. என்பார்கள். தமிழில் ஓசி என்றால் என்ன அர்த்தமோ, அந்த அர்த்தத்தில்தான் இங்கே ஆள் தேடியிருக்கிறார்கள் என்பது இலோனாவுக்கு இன்னும் தெரியாது.

முதலாளியம்மா மிஸஸ் ரூட் எழுபது வயதுக்காரி. கணவர் விட்டுப்போன அணியைப் பதினைந்து வருஷமாக நடத்துகிறாள். அவளுக்குப் பக்கத்தில் தலைமைப் பயிற்சியாளர் வேட் ஸ்டோவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தை அவர்தான் சொன்னார். சொன்னார் என்பதைவிடத் தீர்ப்பு வாசித்தார் என்பது பொருத்தம்.

ஓ.சி. பதவிக்கு இரண்டு பேர் கடைசிவரை வந்திருக்கிறார்கள். ஒருவர் லூசியஸ் ஃபோன்டெனோ, ஐம்பத்தொரு வயது. இதே அணியில் பந்து எறிகிற க்வார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி தருபவர். மற்றவன் கோடி ப்ரெஸ்லர், இருபத்தொன்பது வயது, வெளியூர் அணி ஒன்றில் தாக்குதல் பக்கத்து உதவியாளன், ஸ்டோவரின் மருமகன். திங்கட்கிழமை ஃபோன்டெனோவுக்கு நேர்காணல். செவ்வாய்க்கிழமை கோடிக்கு. செவ்வாய்க்கிழமை மிஸஸ் ரூட்டின் எதிரில் கோடி ஒன்பது புது ஆட்டங்களை, அதாவது யார் எங்கே ஓடுவது என்ற திட்டப் படங்களை, சுவரில் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கமாகப் போன ஃபோன்டெனோ நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, இவை என்னுடையவை என்று சொல்லிவிட்டார்.

உடனே ஸ்டோவர் தன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒன்பது பக்கங்களை எடுத்துக் காட்டினார். கையால் வரைந்தவை. மேலே டிசம்பர் பதினொன்று என்று தேதி. கோடி ஒரு மாதத்துக்கு முன்பே வரைந்து தனக்கு அனுப்பியவை, தன் அறைக்குத் தினமும் வந்துபோன ஃபோன்டெனோ அவற்றைப் பார்த்துத் திருடியிருக்கிறார் என்பது அவர் கட்சி.

மிஸஸ் ரூட் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். கோடியின் பெயரை அறிவிக்க வேண்டும். ஃபோன்டெனோ திருடன் என்றால் அதே மேடையில் அவரை நீக்கியதையும் சொல்லி, லீக்குக்குப் புகார் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு நாட்டில் உள்ள முப்பத்துச் சொச்சம் அணிகளில் ஒன்றுகூட அந்த மனிதரை வாசலில் நிற்க விடாது.

"எனக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள ஒரு பேர் வேணும்" என்றாள் மிஸஸ் ரூட். "எந்தப் பேரா இருந்தாலும் சரி."

திங்கட்கிழமை நேர்காணலில் நீங்கள் இருந்தீர்களா என்று இலோனா கேட்டாள். இல்லையாம். வெள்ளையரல்லாதவர்களையும் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும் என்று லீக் விதி இருக்கிறதாம். அதைச் சம்பிரதாயத்துக்கு முடித்துவிடலாம், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று கோச் சொன்னாராம். ஆகவே அறையில் ஸ்டோவரும் ஃபோன்டெனோவும் மட்டும்.

"கண்துடைப்புன்னு சொல்லுங்க" என்றாள் இலோனா.

ஸ்டோவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இங்க பாருங்கம்மா, உங்களைக் கூப்பிட்டது கணக்கு முடிக்க. எங்களுக்குப் பாடம் எடுக்க இல்ல."

இலோனா ஒன்பது பக்கங்களின் நகல்களை வாங்கிக்கொண்டு எழுந்தாள். கதவை அவள் சாத்திய விதத்தில் சுவரில் மாட்டியிருந்த பழைய கோப்பைப் படம் கோணலானது.

வெளியே டெல்ராய் பிக்கன்ஸ் சுவரில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். நாற்பத்தொரு வயது, கதவு அளவு உடம்பு. பதினோரு வருஷம் இதே விளையாட்டில் இருந்தவன், ஆனால் அவன் பெயர் ரசிகர்களில் ஒருவருக்கும் தெரியாது. குனிந்து, தன் கால்களுக்கு நடுவே பார்த்து, பந்தைப் பதினைந்து கஜம் பின்னால் எறிவது மட்டுமே அவன் வேலை.

"கதவு சத்தத்துலேயே தெரிஞ்சுது, பாஸ்" என்றான். "ரெண்டு பேரையும் உங்களுக்குப் பிடிக்கல."

ஃபோன்டெனோவை அவருடைய அறையிலேயே உட்கார வைத்து வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தார்கள். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், முழங்காலில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார். பதினாலு வருஷமாக உதவியாளராகவே இருப்பவர். இதுவரை ஆறு ஊர். ஒவ்வொரு ஊரிலும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பப்பட்டவர். இலோனா கேட்டதற்கெல்லாம் அடங்கிய குரலில் பதில் சொன்னார். அந்த அடக்கம்தான் இலோனாவுக்குத் தாங்கவில்லை. உங்கள் வாழ்நாள் உழைப்பை ஒருவன் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், ஒரு வார்த்தை கத்தக்கூட மாட்டீர்களா என்று கேட்டேவிட்டாள்.

ஃபோன்டெனோ அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்டோவர் நாற்காலியத் தூக்கி அடிச்சா அதுக்குப் பேரு ஆர்வம், மேடம். நான் ஒரு தடவை குரலை உசத்தினா, 'கோபக்காரன்'னு ஒரே ஒரு வார்த்தை எழுதிடுவாங்க. நான் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அந்த வார்த்தை அங்க போய் உட்கார்ந்திருக்கும். எனக்குக் கோபம் இல்லைன்னு நினைக்காதீங்க. நேத்து ராத்திரியிலேருந்து பல்லைக் கடிச்சுக் கடிச்சுத் தாடை வலிக்குது."

டெல்ராய் வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டான். பகடி அடிக்கிறவனுக்கும் எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியும்.

திங்கட்கிழமை என்ன காகிதங்கள் காட்டினீர்கள் என்று இலோனா கேட்டாள். காகிதமே இல்லை என்றார் ஃபோன்டெனோ. எட்டு வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில் நேர்காணலுக்குப் போனபோது தன் ஆட்டப் புத்தகத்தை நம்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வேலை கிடைக்கவில்லை. அடுத்த சீசனில் தன் ஆட்டங்களையெல்லாம் டிவியில் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து காகிதத்தை யார் கண்ணிலும் காட்டுவதில்லை. பலகையில் வரைவார், பெயரைச் சொல்வார், விளக்குவார், அழிப்பார். திங்கட்கிழமையும் அப்படித்தான். ஸ்டோவர் எதிரே உட்கார்ந்து மடியில் ஒரு அட்டையை வைத்துக் குறிப்பு எடுத்தாராம். எல்லோரும் எடுப்பதுதானாம்.

"வேற யாராவது பார்த்திருக்க முடியுமா?"

முடியும். நேர்காணல் அறைக்குக் கண்ணாடிச் சுவர், கதவும் பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் கோடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மாமனாரோடு மதியச் சாப்பாட்டுக்குப் போகக் காத்திருந்தானாம்.

இலோனாவுக்கு இப்போது கோபப்பட ஒரு ஆள் கிடைத்துவிட்டான். ஆனால் கோபம் சாட்சி சொல்லாது. ஆதாரமாக உங்களிடம் ஒன்றுமே இல்லையா என்று கேட்டாள். ஃபோன்டெனோ தன் பையிலிருந்து ஓரம் கிழிந்த ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். தேதி எதுவும் இல்லை. நேற்று உட்கார்ந்து எழுதியிருப்பான் என்று ஸ்டோவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டாராம்.

டெல்ராய் அதை வாங்கிப் புரட்டினான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படம், அதற்கு மேல் ஒரு பெயர்.

"பியூலா, பெர்னிஸ், பெட்டி, கோரா, கார்மென், ஸ்டெல்லா, சூஸெட், சிட்னி. கோச், இது ஆட்டப் புத்தகமா, இல்ல கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டியவங்க லிஸ்டா?"

ஃபோன்டெனோ முதல் தடவையாகச் சிரித்தார். லூயிசியானாவில் தன் தெருவில் இருந்த சித்திகள், அத்தைகள், ஊர்ப் பெரியவர்கள் பெயர்கள் அவை. சும்மா வைக்கவில்லை. பெயரின் முதல் ஆங்கில எழுத்தைக் கேட்டதுமே நடுவில் நிற்கும் ஆட்டக்காரனுக்கு எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும். 'பி' என்றால் பெஞ்ச், அதாவது வீரர்கள் உட்காரும் பக்கக்கோட்டுக்கு. 'சி' என்றால் கார்னர், மூலைக்கு. 'எஸ்' என்றால் சீம், வளையாமல் நேர்கோட்டில்; சிட்னியும் 'எஸ்'தான். எழுத்துக்கு மூன்று, மொத்தம் ஒன்பது. இந்த விதியை ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் சொல்வாராம். நேர்காணலில் சொல்லவில்லை.

டெல்ராய் கடைசிப் பக்கத்துக்கு வந்தான். சி, எச், இ, ஆர் என்று நான்கு எழுத்து. "இதென்ன, சேர்? நாற்காலி பேர்லயும் ஒரு அத்தையா?"

"அது சேர் இல்ல. ஷா."

"ஷாவா?"

"பிரெஞ்சு வார்த்தை. எங்க ஊர்ல எழுதறது அப்படி, சொல்றது ஷா. கண்ணு, செல்லம்னு அர்த்தம். எங்கம்மா பால்காரன்லேருந்து பாதிரியார் வரைக்கும் எல்லாரையும் ஷான்னுதான் கூப்பிடும். அதனால ஊரே அம்மாவை ஷான்னு கூப்பிட ஆரம்பிச்சுது."

இலோனா மேஜையில் கையை ஊன்றி, ஸ்டோவர் கொடுத்த டிசம்பர் பக்கங்களை விரித்தாள். ஒன்பதாவது பக்கத்தின் தலைப்பில் நான்கு பெரிய எழுத்துகள். எஸ், எச், ஏ, டபிள்யூ. ஷா. அதற்குக் கீழே ஓட்டக்காரனைக் காட்டும் அம்புக்குறி நேராகப் போகவில்லை. வளைந்து மூலைக்குப் போனது.

மற்ற எட்டையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாள். 'பி' எல்லாம் பெஞ்சுக்கு. 'சி' எல்லாம் மூலைக்கு. 'எஸ்' எல்லாம் நேரே, இந்த ஒன்றைத் தவிர. விதியை உண்டாக்கியவன் தன் விதியையே மறப்பானா? மறக்க மாட்டான். விதி இருப்பதே தெரியாதவன்தான் இப்படி எழுதுவான்.

டெல்ராய் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "இது கையால திருடினது இல்ல, பாஸ். காதால திருடினது."

மணி பத்து ஐந்து. இலோனா கோட்டை மாட்டியபடியே ஓடினாள்.

கோடி ப்ரெஸ்லர் ஆற்றங்கரை ஓட்டலில் எட்டாவது மாடியில் இருந்தான். கட்டிலில் மூன்று டை கிடந்தன. எது கேமராவில் எடுப்பாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தவன், மாமனார் அனுப்பிய ஆட்கள் என்று நினைத்துச் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தான். நீலம் கட்டு தம்பி, கைதாகும்போது படம் நன்றாக விழும் என்றான் டெல்ராய். சிரிப்பு போய்விட்டது.

ஷா என்றால் என்ன என்று இலோனா கேட்டாள். பள்ளிக்கூடத்தில் தனக்குப் பயிற்சி கொடுத்தவர் பெயர் ஷா என்று கோடி யோசிக்காமல் சொன்னான். மற்ற பெயர்கள்? எல்லாம் வாய்க்கு வந்தவை. பெயர் வைப்பதில் ஏதாவது முறை உண்டா?

"பேர்ல என்ன மேடம் இருக்கு? ஆட்டம்தான் முக்கியம்."

ஒரு மனிதன் தன் தாயை, தன் தெருவை, தன் பதினாலு வருஷத்தை அந்த ஒன்பது பெயர்களுக்குள் வைத்திருக்கிறான். இவன் பேரில் என்ன இருக்கிறது என்கிறான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மிஸஸ் ரூட்டின் கம்பளத்தில் போட வேண்டும் போல் இலோனாவுக்கு இருந்தது. கோரா என்ற ஆட்டத்தை வரைந்து காட்டச் சொன்னாள். தடுமாறினால் அந்த இடத்திலேயே முடித்துவிடலாம் என்று எண்ணம்.

அவன் தடுமாறவில்லை. ஓட்டல் காகிதத்தை இழுத்து அரை நிமிஷத்தில் மளமளவென்று வரைந்து நீட்டினான். ஒரு கோடு தப்பில்லை. திறமை இல்லாத பையன் இல்லை என்பது இலோனாவின் கோபத்தை இன்னும் கூட்டியது. டெல்ராய் அந்தக் காகிதத்தை வாங்கி, என்ன காரணமோ, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லிஃப்டில் இறங்கும்போது ஓட்டல் காகிதத்தை இடது கையிலும் டிசம்பர் பக்கத்தை வலது கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான். வலது கைப் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினான். மறுபடி நேராக்கினான். மறுபடி திருப்பினான்.

"தலைகீழாப் பிடிச்சிருக்கே" என்றாள் இலோனா.

"நான் பதினோரு வருஷம் உலகத்தையே தலைகீழாப் பார்த்துச் சோறு தின்னவன், பாஸ். எனக்கு இதுல தப்பு வராது. பையன் பொய்யன்தான். ஆனா இந்தப் பக்கங்களை வரைஞ்சது அவன் இல்ல."

இலோனா இரண்டு காகிதங்களையும் எட்டிப் பார்த்தாள்.

"தாக்குதல் பக்கத்து ஆளுங்க வரையும்போது தங்க ஆட்களைக் கீழே போடுவாங்க. அங்கேருந்து அம்பு மேலே போகும். நாம முன்னேறிப் போறோம்ங்கிற நினைப்பு. நோட்டுப் புத்தகத்துல கோச் அப்படித்தான் போட்டிருக்காரு. இந்தப் பையனும் இப்ப அப்படித்தான் போட்டான். டிசம்பர் பக்கத்தைப் பாருங்க. பந்து வெச்சிருக்கிறவங்க மேலே நிக்கிறாங்க. அம்பெல்லாம் கீழே வருது. அப்படி வரையறது தடுப்பு ஆளுங்க. வாழ்நாள் பூரா எதிரி தன் மேலே இறங்கி வர்றதையே பார்த்தவங்களுக்குக் கை தானா அப்படிப் போகும்."

லிஃப்ட் கதவு திறந்தது. அப்போது இலோனா சொன்ன வார்த்தையை அச்சில் போட முடியாது. லிஃப்டுக்குக் காத்திருந்த கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

பதினொன்று நாற்பதுக்கு மிஸஸ் ரூட்டின் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மிஸஸ் ரூட், ஸ்டோவர், காவலாளி அழைத்துவந்து நிறுத்திய ஃபோன்டெனோ, இலோனா. ஐந்தாவது ஆளான டெல்ராய் கதவில் முதுகைச் சாய்த்து நின்றான். அந்தக் கதவை இனி யாரும் திறக்க முடியாது.

இலோனா தன் குரலில் இத்தனை குழைவு இருப்பது தனக்கே தெரியாத அளவுக்குக் குழைந்தாள். ஆறு வயதிலிருந்து ஹெரன்ஸ் தோற்பதைப் பார்த்தே வளர்ந்தவள், இந்த விளையாட்டு தனக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்றாள். அறிக்கை எழுத வேண்டும், கோரா என்ற ஆட்டத்தை மட்டும் கோச் ஒரு தடவை பலகையில் போட்டு விளக்கினால் நன்றாக இருக்கும் என்றாள்.

ஸ்டோவருக்குப் பாடம் எடுக்கப் பிடிக்கும். எழுந்து போனார். பேனாவைத் திறந்தார். பலகையின் மேல் பாதியில் வரிசையாக வட்டங்கள் போட்டார். அங்கேயிருந்து அம்புகளைக் கீழ்நோக்கி இழுத்தார். இழுத்துக்கொண்டே, இவன் இப்படி வருவான், அவன் அப்படி வருவான் என்று உற்சாகமாக விளக்கினார். வருவான் என்றுதான் சொன்னார். போவான் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இலோனா டிசம்பர் பக்கத்தை எடுத்து அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அச்சு அசலாக ஒன்று. மறுபக்கத்தில் கோடி வரைந்த ஓட்டல் காகிதத்தை ஒட்டினாள். அதில் எல்லாம் கீழிருந்து மேலே போயின. மிஸஸ் ரூட் எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் பார்த்தாள்.

"கோச் முப்பத்தொரு வருஷம் தடுப்பு ஆள்" என்றாள் இலோனா. குழைவு போயிருந்தது. "இந்த ஒன்பது பக்கமும் அவர் கை."

இனிமேல் இந்த ஆளுக்கு 'அவர்' என்ன வேண்டிக்கிடக்கிறது? அவன் என்றே சொல்வோம். ஸ்டோவர் லேசில் மடங்குகிறவன் இல்லை. கோடி அனுப்பியது கிறுக்கலாக இருந்தது, தான் சுத்தமாகத் திருப்பி வரைந்தேன், அதிலென்ன தப்பு என்று ஒரு நொடியில் பிடித்துக்கொண்டான். மிஸஸ் ரூட்டின் முகம் தெளிந்ததை இலோனா பார்த்தாள். தெளிவடையக் காரணம் தேடிக்கொண்டிருந்த முகம் அது.

இலோனா ஒன்பதாவது பக்கத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். இந்தப் பெயர்களுக்கெல்லாம் ஒரு விதி இருக்கிறது, கோடி சொல்லியிருப்பானே, என்ன விதி என்று கேட்டாள். ஸ்டோவர் பக்கத்தைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். விதி கிதி ஒன்றும் கிடையாது என்றான். இலோனா முதல் எழுத்தின் சங்கதியைச் சொல்லி, 'எஸ்' போட்ட இந்த ஒருவன் மட்டும் ஏன் மூலைக்கு ஓடுகிறான் என்று கேட்டாள். எழுத்துப் பிழை என்றான் அவன்.

"கோச், அந்த ஆட்டத்தோட பேரை நீங்க எழுதுங்க" என்று ஃபோன்டெனோவிடம் பேனாவைக் கொடுத்தாள்.

ஃபோன்டெனோ பலகையில் சி, எச், இ, ஆர் என்று நான்கு எழுத்தை எழுதினார். அதை ஷா என்று படித்தார். மிஸஸ் ரூட்டின் உதடுகள் அசைந்தன. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள் அவள். எழுத்தை ஒரு தடவை பார்த்தாள், ஸ்டோவர் கையில் இருந்த பக்கத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"கண்ணால பார்த்துத் திருப்பி எழுதியிருந்தா இந்தப் பிழை வராது, வேட்" என்றாள் மெதுவாக. "காதால கேட்டிருந்தாத்தான் வரும். நீ இதைக் கேட்டது திங்கட்கிழமை."

அப்போதுதான் ஸ்டோவர் வெடித்தான். நாற்காலியை எட்டி உதைத்தான்.

"எல்லாரும்தான் எடுக்கிறாங்க. நேர்காணல் வெக்கிறதே அதுக்குத்தான், உங்களுக்குத் தெரியாதா? ஃபோன்டெனோ நம்ம ஆளு. அந்த அறையில அவன் வாயிலேருந்து வந்தது நம்ம டீமுக்குச் சொந்தம். அதை யார் பேர்ல போட்டா என்ன?"

டெல்ராய் கதவில் சாய்ந்தபடியே கேட்டான். "டிசம்பர் பதினொண்ணுன்னு போட்டது யார் சொத்து, கோச்?"

மிஸஸ் ரூட் ஜன்னலோரம் போய் நின்றாள். திரும்பியபோது முதலாளியம்மாவாக ஆகியிருந்தாள். கோடியின் பெயர் ரத்து என்றாள். ஃபோன்டெனோதான் புது ஓ.சி., பன்னிரண்டு மணிக்கு அவரே மேடையில் தன் பக்கத்தில் உட்காரலாம் என்றாள். மற்றதை வெளியே கொண்டுபோக வேண்டாம். ஏப்ரலில் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, இந்த நேரத்தில் தலைமைப் பயிற்சியாளரை மாற்றினால் அணி சிதறிப்போகும். வேட் மன்னிப்புக் கேட்பான். நாலு சுவருக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

பூசி மெழுகுவதைப் பலமுறை பார்த்தவள் இலோனா. ஆனாலும் ரத்தம் தலைக்கேறியது. பேச வாயெடுத்தவளை ஃபோன்டெனோ கையைத் தூக்கி நிறுத்தினார். மிஸஸ் ரூட்டிடம் ஒரு கடிதம் கேட்டார். இந்த ஒன்பது ஆட்டங்களும் லூசியஸ் ஃபோன்டெனோவுக்குச் சொந்தமானவை, அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று இரண்டே வரி. மிஸஸ் ரூட் தயங்கினாள். வக்கீலைக் கேட்க வேண்டும் என்றாள்.

"கேளுங்க" என்றாள் இலோனா. "நான் கீழே போறேன். கேமராக்காரங்க வழியிலதான் உட்கார்ந்திருக்காங்க. எனக்கு வக்கீல் கிடையாது."

கடிதம் ஐந்து நிமிஷத்தில் தயாரானது. ஃபோன்டெனோ அதை இரண்டு தடவை படித்தார். கையெழுத்தையும் தேதியையும் சரிபார்த்தார். மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தார். டெல்ராய் விலகி வழிவிட்டான்.

"மேடை கீழே வலது பக்கம்" என்றாள் மிஸஸ் ரூட். "பன்னிரண்டு ஆகப்போகுது, கோச்."

ஃபோன்டெனோ நின்றார். திரும்பி அவளைப் பார்க்கவில்லை. உதைபட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஸ்டோவரைப் பார்த்தார்.

"நான் மேடைக்கு வரல, மேடம். நம்ம பிரிவுல இன்னும் மூணு டீம் இருக்கு. மூணு டீமும் வருஷத்துக்கு ரெண்டு தடவை உங்களோட ஆடும். அதுல ஒண்ணுக்கு நான் போறேன். ஒன்பது ஆட்டமும் ஸ்டோவருக்கு மனப்பாடம். எல்லாத்தையும் அவர் கையாலேயே வரைஞ்சு வெச்சிருக்காரு." அவர் குரல் உயர்ந்தது. அதைத் தாழ்த்த அவர் முயற்சி செய்யவில்லை. "தெரிஞ்சு வெச்சுக்கிட்டே நிறுத்திப் பார்க்கட்டும்."